வானிலைக் கருவியை சர்வீஸ் செய்ய ஆள் வந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்தில் வானிலைக் கருவி வைத்திருப்பவர்கள், அதிலும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருப்பவர்கள், இதை அவசியம் படியுங்கள். சர்வீஸுக்கு வந்தவர் எங்கள் நல்ல சென்சாரைக் கழற்றிக்கொண்டு, நூறு ரூபாய் அளவில் கிடைக்கும் ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். பில் மட்டும் முழு விலைக்கு.

முதலில் இருந்தது எஸ்.எச்.டி.31 என்ற, ஈரப்பதமும் வெப்பநிலையும் அளக்கும் சென்சார். ஈரப்பதத்தில் சுமார் 2 சதவீதப் பிழை, வெப்பநிலையில் அரை டிகிரிகூட வராது. ‘சென்சாரும் போர்டும் போய்விட்டன, இரண்டையும் மாற்றினால்தான் ஓடும்’ என்றார். மாற்றினார். பழையதைக் கேட்டதற்கு, ‘கம்பெனியில் ஒப்படைக்க வேண்டும் அண்ணே’ என்று பையில் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு, வெப்பநிலை 27.4, 27.6 என்று ஓடிய திரையில் 27.0, 28.0 மட்டுமே வந்தன. வடகிழக்குப் பருவமழை கொட்டிய ஓர் இரவு, பந்தலில் இலையெல்லாம் சொட்டிக்கொண்டிருக்க, ஈரப்பதம் 86-லேயே நின்றது. சென்சார் இருக்கும் கூட்டைத் திறந்தேன். வெள்ளைத் தட்டுகளுக்கு நடுவே, முகப்பில் வரிசையாகத் துளையிட்ட சின்ன நீல டப்பா. டி.எச்.டி.11 என்ற மலிவு சென்சார். பள்ளிப் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்கு வாங்குவது! ஈரப்பதத்தில் 5 சதவீதம், வெப்பநிலையில் 2 டிகிரி வரை பிழை வரலாம் என்று அதன் விவரத்தாளே சொல்கிறது. 90-க்கு மேல் நம்பி அளக்கக்கூடிய சாதனமும் அல்ல. திராட்சையைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய் பரவுவதோ இலை நனைந்து, ஈரப்பதம் உச்சத்தில் நிற்கும் இரவுகளில்தான். எந்த அளவு தெரிய வேண்டுமோ அதையே காட்டாத கருவியை நம்பி ஒரு விவசாயி எப்படி மருந்து அடிக்கும் நாளை முடிவு செய்வது? இதைத் துரோகம் என்றுதான் சொல்வேன்.

போதாக்குறைக்கு, சென்சார் உள்ளே இருக்கும்போதே கூட்டுக்கு எனாமல் பெயிண்ட் அடித்திருந்தார். ஈரப்பதத்தை உணர்வது மெல்லிய பாலிமர் படலம். பெயிண்ட், தின்னர் ஆவி பட்டால் அளவு தவறிவிடும். தட்டுகளைத் தனியே கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி மாட்டுவதுதான் முறையான வேலை.

கொடுத்த கலிபிரேஷன் (அளவு சரிபார்ப்பு) சான்றிதழில் முத்திரை இருக்கிறது. எந்தக் கருவியோடு ஒப்பிட்டார்கள், சரிசெய்யும் முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்பது இல்லை. சோதனைக் கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். அமைப்பின் அங்கீகார எண்ணும் இல்லை.

ஈரப்பத அளவை வீட்டிலேயே சோதிக்கலாம். பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது, ஈரச் சேறாக இருக்க வேண்டும். மூடியையும் சென்சாரையும் காற்றுப் புகாத டப்பாவில், ஒன்றையொன்று தொடாமல் வைத்து, வெயில் படாத அறையில் ஓர் இரவு விடுங்கள். காலையில் 75 சதவீதத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். எங்களுடையது 66 காட்டியது.

நிறுவனத்தைக் கேட்டால் ‘எங்கள் ஆள் அப்படிச் செய்ய மாட்டார்’ என்ற ஒரே பதில். கூட்டின் படங்கள், பில், சான்றிதழ் எல்லாவற்றையும் வைத்து 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். பழைய சென்சாரும் போர்டும் திரும்ப வர வேண்டும், வாங்கிய பணமும் வர வேண்டும். உங்கள் திரையிலும் புள்ளிக்குப் பின்னால் எப்போதும் பூஜ்யமே வருகிறதென்றால், இன்றே கூட்டைத் திறந்து படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பாகம் உங்கள் கைக்கு வராமல் சர்வீஸ் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.