ஸ்மார்ட் போர்டா, தெர்மாமீட்டரா? மலைப் பள்ளிக்கு எது முதலில்?

ஊட்டிப் பக்கத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் போய், தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று கேளுங்கள். "நூறு!" என்று கூரை அதிரும். ஸ்பிரிட் விளக்கேற்றி, பீக்கரில் தெர்மாமீட்டரை வைத்தால் 92, 93-க்கு மேல் ஏறாது. "தெர்மாமீட்டர் ரிப்பேர் சார்" என்பார்கள். எனக்குப் பாடம் அங்கேதான் தொடங்குகிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறைகிறது என்று சொன்னால் போதும்: குன்னூரில் எவ்வளவு, மேட்டுப்பாளையத்தில் எவ்வளவு என்று அவர்களே வகுத்துப் பார்ப்பார்கள். குக்கர் இல்லாமல் வீட்டில் பருப்பு ஏன் வேக மாட்டேன் என்கிறது என்பதும் பிடிபடும்.

ஸ்மார்ட் போர்டு காணொளியில் தண்ணீர் சரியாக நூறில் கொதிக்கும். பிள்ளைக்குக் கேள்வியே வராது. ஆனால் இதயம் துடிப்பதையும் செல் பிரிவதையும் கோள்கள் சுற்றுவதையும் அதைவிட நன்றாக என்னால் காட்ட முடியாது. அங்கே போர்டுதான் வேண்டும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் அதுவும் இல்லை.

கணக்கிலும் இதே கதைதான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை மலை ரயில் பாதையின் ஏற்றம் 12.5-க்கு 1, அதாவது 12.5 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும். பத்தாம் வகுப்பில் டேன் மதிப்பு 0.08 என்று எடுத்தால் கோணம் ஐந்து டிகிரிகூட வராது. பற்சக்கரம் வைத்து ஏறும் பாதைக்கு இவ்வளவுதானா என்று திகைப்பார்கள். பாகைமானியில் நூலும் கல்லும் கட்டிக் கொடுத்தால் பள்ளிக்கு வரும் சரிவையே அளந்து வருவார்கள். அடுத்து ஊட்டி அருகே முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளக் கருவியை, ஊரின் அட்சரேகைக்குச் சமமாகச் சுமார் 11 டிகிரி சாய்ந்த சரிவில் வடக்கு தெற்காக அமைத்திருக்கிறார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணை. ஒரே அச்சில் திருப்பி வானத்தைத் தொடரலாம். கோணம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

மூன்றாவது வழி, 2022-இல் அரசு தொடங்கிய வானவில் மன்றம். ஆறு முதல் எட்டு வரை படிப்பவர்களுக்குக் கருத்தாளர்கள் வந்து சோதனை செய்து காட்டுகிறார்கள். அன்று வகுப்பு திருவிழாதான். ஆனால் மறுநாள் எழும் கேள்விக்கு அவர் இருக்க மாட்டார், நாங்கள்தான் இருப்போம்.

ஒன்றுக்குத்தான் பணம் என்றால் பத்து தெர்மாமீட்டர், பாகைமானிகள், நூல்கண்டு கேட்பேன். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் சுற்றறிக்கை வாசிப்பதைக் குறைத்து, ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு சோதனையைச் செய்து பார்க்க ஒரு மணி நேரமும் கேட்பேன்.