வான்கோவின் தன்னுருவப் படம், கித்தான் அச்சில்: நிறம் வந்தது, தடிமன் வரவில்லை

வின்சென்ட் வான்கோ தென் பிரான்சில் மனநலக் காப்பகத்தில் தங்கியிருந்தபோது, 1889 செப்டம்பரில் தீட்டிய தன்னுருவப் படத்தின் அச்சுப்பிரதியை இணையக் கடை ஒன்றில் 3,200 ரூபாய்க்கு வாங்கினேன். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலத்தின் அளவிலேயே, அதாவது 65 செ.மீ. உயரமும் 54 செ.மீ. அகலமுமாக, கித்தானில் அச்சிட்டு அனுப்பியிருந்தார்கள். சட்டகமும் ஆணிகளும் குறையின்றி வந்து சேர்ந்தன.

கோட்டும் பின்னணியும் ஏறக்குறைய ஒரே வெளிர் நீலப்பச்சையில் இருக்க, தலைமுடியும் தாடியும் மட்டும் செம்மஞ்சளாகத் தகிக்கின்றன. நீலத்துக்கு எதிர்நிறம் ஆரஞ்சு என்பதால் இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டுகின்றன. நீலம் ஒரு பிடி கூடிவிட்டாலும், அந்த உறவை அச்சு பெரும்பாலும் காப்பாற்றியிருக்கிறது. கன்ன எலும்புக்குக் கீழே ஓடும் பச்சை, பக்கத்தில் நின்று பார்க்கையில் அச்சுப்பிழையோ என்று ஐயம் தருகிறது. நான்கடி பின்னால் நகர்ந்தால் அதுவே ஒட்டிய கன்னத்தின் நிழலாகிவிடுகிறது.

தூரிகையின் போக்கைப் பின்தொடரவே இந்தப் படத்தை வாங்கலாம். தாடியில் முடி வளரும் திசையிலும், நெற்றியில் எலும்பின் வளைவிலும், கோட்டில் துணியின் நெளிவிலும் தீற்றல்கள் செல்கின்றன. பின்னணியிலோ பற்றிக்கொள்ளப் பொருள் எதுவும் இல்லாததால், அதே நெளிவு சுழிசுழியாகச் சுருண்டு நிற்கிறது. ஆள் அசையாமல் இருக்க, அவருக்குப் பின்னால் உள்ள வெற்றிடம்தான் அலைகிறது. இறுக மூடிய அந்த உதடுகள் சொல்லாததை இந்தச் சுழிகள் சொல்லிவிடுகின்றன என்றே எனக்குப் படுகிறது.

குறை, வண்ணத்தின் தடிமனில் இருக்கிறது. வான்கோ வண்ணத்தை அப்பிப் பூசுபவர். மேடுபட்ட எண்ணெய் வண்ணம் வெளிச்சம் விழும் பக்கத்தைப் பொறுத்துத் தன் சிறு நிழலை மாற்றிக்கொண்டே இருக்கும். அச்சிலோ, படமெடுத்த நேரத்து நிழல்கள் அப்படியே உறைந்துவிட்டன. எங்கள் வீட்டு ஜன்னல் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தாலும், தாடியின் மேடுகள் வேறெங்கோ இருந்த விளக்குக்கே கட்டுப்பட்டிருக்கின்றன. தடவிப் பார்த்தால் கைக்குத் தட்டுப்படுவது துணியின் நெசவு மட்டுமே.

வாங்க நினைப்பவர்கள் பளபளப்புப் பூச்சைத் தவிர்த்து, மேட் பூச்சைக் கேட்டு வாங்குங்கள். நான் கவனிக்காமல் விட்டதால், டியூப் லைட்டுக்கு எதிர்ச் சுவரிலிருந்து கழற்றிப் பக்கச் சுவரில் மாட்டிய பிறகுதான், பளபளப்பில் மறைந்திருந்த வான்கோவின் ஒரு கண் தெரிந்தது.