இணையக் கருத்துக்கேட்பா, பகுதி சபையா, தெருநடையா?

சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தெற்கே அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கு வெள்ளமும் பேருந்தும் வேறுவேறு பிரச்சினை அல்ல. தெருவில் தண்ணீர் நின்றால் நிறுத்தத்துக்குப் போக முடியாது, அன்றைய கூலி போச்சு. இவர்கள் பேச்சை நகரத்தின் வெள்ள, பேருந்துத் திட்டங்களுக்குள் கொண்டுபோக இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: இணையக் கருத்துக்கேட்பு, பகுதி சபை, தெருநடை.

இணையக் கருத்துக்கேட்பில் செலவு குறைவு, வேலை சீக்கிரம் முடியும். மாநகராட்சியின் காலநிலைச் செயல்திட்ட வரைவு 2022இல் இப்படித்தான் மக்கள் கருத்துக்கு வந்தது. ஆனால் நூறு பக்க அறிக்கையை இறக்கிப் படித்து மின்னஞ்சல் எழுதுபவர் யார்? விடியற்காலையில் வீட்டு வேலைக்குப் பஸ் ஏறும் பெண் அல்ல. இதை மட்டும் நம்பக் கூடாது.

பகுதி சபை என்பது கிராம சபைபோல, நகர வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம். அதற்குச் சட்ட பலம் உண்டு. 2022 நவம்பர் 1 முதல் தமிழக நகரங்களில் கூடுகிறது. தீர்மானம் பதிவேட்டில் ஏறுவதுதான் அதன் பெரிய லாபம். வேலை நாளில் பகலில் கூட்டினால் கூலிக்காரர் வர மாட்டார். இன்னொரு சிக்கலும் உண்டு: கண்ணகி நகர் மாநகராட்சிக்குள் இருக்கிறது, பெரும்பாக்கமோ அந்தக் காலநிலைத் திட்டம் எழுதப்பட்டபோது கிராம ஊராட்சி. நகரத்திலிருந்து அனுப்பப்பட்டவர்களே நகரத்தின் திட்ட எல்லைக்கு வெளியே நின்றார்கள். அங்கே கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலை மாநகரப் போக்குவரத்துக் கழகத்துக்குத் தனியாக அனுப்ப வேண்டும்.

எங்கள் முதல் தேர்வு தெருநடை, அதாவது அங்கே வாழ்பவர்களோடு அவர்கள் தெருவில் நடந்து, கண்டதையும் கேட்டதையும் பதிவது. 8 முதல் 12 பேர் போதும். வீட்டு வேலை செய்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், மாணவர்கள் என்று தனித்தனிக் குழுவாக நடக்க வேண்டும். எல்லாரையும் ஒன்றாகக் கூட்டினால் சங்கத் தலைவர் ஒருவரே பேசி முடித்துவிடுவார். ஒவ்வொரு குழுவும் வழக்கமாகக் கிளம்பும் நேரத்திலேயே, வாசலிலிருந்து நிறுத்தம் வரை செல்பேசியில் நேரம் குறித்து நடங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே கணுக்கால், எங்கே முழங்கால் என்று சுவரைக் காட்டிக் கேட்டு, கையால் வரைந்த படத்தில் குறியுங்கள்.

நிறுத்தத்தில் காத்திருப்பைப் பதியும்போதுதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். வரும் பஸ்ஸையெல்லாம் சேர்த்து எண்ணினால் சேவை தாராளமாக இருப்பதுபோலத் தெரியும். 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டணப் பேருந்தில்தான். டீலக்ஸ் மூன்று போனாலும் அவர்கள் நின்றுகொண்டேதான் இருப்பார்கள். ஆகவே சாதாரணம், விரைவு, டீலக்ஸ், ஏசி எனத் தனித்தனிக் கட்டமாக எழுதுங்கள். குறைந்தது மூன்று வேலை நாள், காலையும் மாலையும் பார்க்க வேண்டும். வந்தவருக்கு இழந்த நேரத்துக்கான கூலியைக் கொடுத்துவிடுங்கள், டீயும் பிஸ்கட்டும் அதற்கு ஈடாகாது.

தெருநடைக்கு ஒரே பலவீனம், அதன் தாளுக்குச் சட்ட மதிப்பு இல்லை. அதனால் படத்தையும் நேரப் பட்டியலையும் ஒரே பக்க மனுவாகச் சுருக்கி, அடுத்த பகுதி சபையில் தீர்மானமாக்கி, எண்ணும் தேதியும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.