மோட்டார் போட்டை மாசக்கணக்கா நிறுத்தப் போறீங்களா? தண்ணிலயா கரையிலயா, டேங்க் ஃபுல்லா காலியா

போட்டு ஓடி கெடறத விட சும்மா நின்னு கெடறதுதான் ஜாஸ்தி, அதுக்கு முக்கியமான காரணம் ஈரம். அதனால ரெண்டுல எதுன்னு குழப்பம் வர்ற இடத்துல எல்லாம் நான் முதல்ல பாக்குறது எதுல ஈரம் கம்மியா தங்கும்னுதான்.

தண்ணிலயே கட்டி வைக்கிறதா கரையேத்துறதா? தண்ணில கிடந்தா நெனச்ச நேரம் எடுத்து ஓட்டலாம், ஹல்லுக்கும் (போட்டோட உடம்பு) அடியில சமமா தாங்கல் இருக்கும், அதுல குறை சொல்ல முடியாது. ஆனா பாசி ஒட்டும், சிப்பி ஒட்டும், நாளாக நாளாக ஃபைபர் ஹல்லுல ஜெல்கோட்ங்கிற மேல்பூச்சு வழியா தண்ணி இறங்கி கொப்புளம் போடலாம், இதுக்கெல்லாம் மேல மழை பேஞ்சா உள்ள தேங்கற தண்ணிய வெளிய தள்ளுற பில்ஜ் பம்ப்பைத்தான் நம்பணும், பம்ப்பு பேட்டரிய நம்பணும், பேட்டரி செத்துச்சுன்னா போட்டு கட்டின இடத்துலயே முங்கிடும். ஆள் போய் பாக்காத போட்டுக்கு இது ஆகவே ஆகாது, கரைதான். அடியில தண்ணி வடியற ஓட்டைய அடைக்கிற ட்ரெயின் ப்ளக்கை கழட்டி முன்பக்கத்தை கொஞ்சம் தூக்கி நிறுத்துனா உள்ள வர்ற தண்ணி தானா வழிஞ்சு போயிடும். கழட்டின ப்ளக்கை ஸ்டியரிங்லயே கட்டித் தொங்க விடுங்க, அது இல்லாமலே தண்ணில இறக்குற ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க.

கவர்ல, சூடு காட்டி இறுக்குற பிளாஸ்டிக் உறையான ஷ்ரிங்க் ராப்பு பாக்க டைட்டா அழகா இருக்கும், ஒரு தடவைதான் பயன்படும், காத்து போக வென்ட் வைக்கலன்னா உள்ள பூஞ்சை புடிச்சு சீட்டெல்லாம் நாறிடும். சாதா பிளாஸ்டிக் தார்ப்பாய் காத்துல அடிச்சு அடிச்சு ஜெல்கோட்டையே தேச்சிடும். கேன்வாஸ்னா மூச்சு விடும், நடுவுல முட்டு கொடுத்து கூரை மாதிரி சரிவு வச்சா தண்ணியும் தேங்காது, என் ஓட்டு இதுக்குத்தான். ஷெட் கிடைச்சா எல்லாத்தையும் விட நல்லது, எலி மட்டும் வயரை கடிக்காம பாத்துக்கணும்.

பெரிய சண்டை டேங்க்லதான். ஃபுல்லா வைக்க சொல்றவங்க வாதம் என்னன்னா, காலி இடத்துல இருக்கற காத்து ராத்திரி குளிர்ல டேங்க் சுவத்துல வேர்த்து தண்ணியா உள்ள இறங்கும், ஃபுல்லா இருந்தா காத்துக்கே இடமில்ல. காலி பண்ண சொல்றவங்க பெட்ரோல்ல கலந்து வர்ற எத்தனாலைக் காட்டுறாங்க, அதுவும் பொய் இல்ல, எத்தனால் தண்ணிய இழுக்கும், ஒரு அளவுக்கு மேல போனா பெட்ரோலை விட்டு பிரிஞ்சு தண்ணியோட சேந்து அடியில உக்காந்துக்கும், எஞ்சினுக்கு உறிஞ்சுற பைப்பும் அடியிலதான இருக்கு. ஆனா போட்டோட சேத்து கட்டின டேங்கை முழுசா காலி பண்றது லேசுல ஆகாது, மிச்சம் நிக்கிற கொஞ்சம்தான் முதல்ல கெடும். அதனால அந்த மாதிரி டேங்க்னா விரிவுக்கு கொஞ்சம் இடம் விட்டு நிரப்பி, பெட்ரோல் கெடாம இருக்க ஊத்துற ஸ்டெபிலைசர் ஊத்துங்க, கையில தூக்குற டேங்க்னா காலி பண்ணிடுங்க, ஆயில் கலக்காத பெட்ரோலா இருந்தா கார்ல கூட ஊத்திக்கலாம். டீசல்ல ஓடற போட்டுன்னா? யோசிக்கவே வேணாம், ஃபுல்தான், தண்ணி சேந்தா டீசல்ல கிருமி வளந்து ஃபில்டரை அடைச்சிடும். ஒண்ணு, ஸ்டெபிலைசர் புது பெட்ரோலை காப்பாத்தும், கெட்டுப்போனதை திருப்பித் தராது, ஊத்தின பிறகு எஞ்சினை ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் கூலிங் தண்ணி கொடுத்து ஓட்டுனாத்தான் அது லைன் முழுக்க போய் சேரும்.

கார்புரேட்டர் எஞ்சினா இருந்தா அதுக்கப்புறம் கார்புரேட்டர் அடியில பெட்ரோல் நிக்கிற கிண்ணமான ஃப்ளோட் பௌலோட ஸ்க்ரூவை கழட்டி வடிக்கிறது நல்லது, பெட்ரோல் ஹோஸை புடுங்கிட்டு தானா ஆஃப் ஆகற வரைக்கும் ஓட விட்டா பௌல் முழுசா காலியாகாது. இஎஃப்ஐ (எலக்ட்ரானிக்கா பெட்ரோலை பீச்சுற) எஞ்சினை அப்படி காய வைக்கவே கூடாது, பம்ப்புக்கு பெட்ரோல்தான் லூப்ரிகேஷனே.

கியர் ஆயிலை நிறுத்துறதுக்கு முன்ன மாத்தறதா எடுக்கறப்ப மாத்தறதா? முன்னதான். கியர் கேஸிங்கோட கீழ் ஸ்க்ரூவை லூஸ் பண்ணி வர்ற ஆயிலை ரெண்டு விரல்ல தேச்சுப் பாருங்க, பால் ஊத்தின காப்பி நிறத்துல இருந்தா சீல் வழியா தண்ணி போயிருக்கு, அதோட விட்டா பேரிங்கு துரு புடிக்கும், உறையற குளிர்னா கேஸிங்கே வெடிக்கும். அவுட்போர்டை (போட்டு பின்னாடி வெளிய மாட்டுற எஞ்சின்) தூக்கி வைக்காம நேரா நிறுத்துறதும் இதே காரணத்துக்குத்தான், உள்ள நிக்கிற தண்ணி வடியணும்.

பேட்டரிய போட்லயே விட்டுட்டு டெர்மினலை மட்டும் கழட்டுனா கொஞ்ச நாளைக்கு ஓகே. மாசக்கணக்குன்னா வெளிய எடுத்து முழுசா சார்ஜ் ஏத்தி மெயின்டெய்னர்ல (தேவைக்கு மட்டும் சார்ஜ் ஏத்துற சார்ஜர்) போடுங்க, லெட் ஆசிட் பேட்டரி 12.4 வோல்ட்டுக்கு கீழ ரொம்ப நாள் கிடந்தா சல்ஃபேட் படிஞ்சிடும், அதுக்காக சாதா சார்ஜரை விடாம மாட்டி வச்சா ஆசிட் தண்ணி வத்திடும். லித்தியம்னா கணக்கு வேற, பாதி சார்ஜ்ல கழட்டி வச்சா போதும், மெயின்டெய்னர் வேணாம்.