கெதியாய் இறுகிற சீமெந்து: அத்தாருக்கு ஒரு பதில்

"விமான ஓடுபாதை உடைஞ்சால் இதைத்தான் ஊத்துறவையாம், எங்கட கேற்றடிக்குச் சரிவருமோ?" எண்டு கோண்டாவில் அத்தார் கேட்டவர். விலை கொஞ்சம் இறங்கினதும் அவருக்குக் கை அரிக்கத் தொடங்கிட்டுது. லொறி ஏறி இறங்கிற என்ர கராஜ் முற்றத்தில இந்தச் சாமான் ஊத்திக் கனகாலமாய்க் கிடக்கிறபடியால் எழுதுறன்.

ஓடுபாதைக் கதை உண்மைதான். குண்டு விழுந்த கிடங்கைக் கல்லால நிரப்பி இறுக்கி, மேல இந்தக் கொங்கிறீற்றை ஊத்தினால் சில மணித்தியாலத்தில விமானம் இறங்கலாம். வெறும் சல்லியோட விட ஏலாது, ஜெற் எஞ்சின் கல்லை உள்ளுக்கு இழுத்துப்போடும். ஆனால் அங்க வேலையில பெரும்பங்கு வெட்டுறதுதான். கிடங்கைச் சுத்திக் கிளம்பி நிக்கிற கொங்கிறீற் பாக்க முழுசாய் இருக்கும், அடியில வெறுமை. அதை மெசினால நேராய் அறுத்து எடுத்தால்தான் ஒட்டு நிக்கும். எங்கட ஆக்கள் உடைஞ்ச விளிம்புக்கு மேல அப்பிப்போட்டுச் சாமானைத் திட்டுவினம்.

என்ர கோபம் வேற. பையில இறுகப் பதினைஞ்சு, இருபது நிமிசம் எண்டு போட்டிருக்கு. அது எந்த ஊர்க் கணக்கோ! சித்திரை மத்தியானம் வாளி, தண்ணி, மண் எல்லாம் கொதிக்கேக்க, மட்டப்பலகை இழுக்க முதலே தாச்சிக்குள்ள இறுகிப்போகும். மேசன் வெத்திலை போட்டு முடிக்க நேரமில்லை. இறுகுதெண்டு கண்டதும் அவர் தண்ணி ஊத்தி இளக்கப் பாப்பார், அதோட பலமும் போச்சு. சாதாரண சீமெந்து பலம் பிடிக்க 28 நாள் கணக்கு. இது கல்சியம் சல்போஅலுமினேற்று எண்ட வேற வகைச் சீமெந்து, தண்ணி பட்டதும் எற்றிங்கைற் எண்ட ஊசிப் பளிங்குகள் மளமளவெண்டு வளரும். சூடு கூடினால் இன்னும் அவசரம். ஐஸ் தண்ணியில குழைச்சால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். சிற்றிக் அசிற் துளி சேர்த்தாலும் பிந்தும், அளவு கூடினால் தொடக்கப் பலம் குறையும். விடியக்காலமை, ஒவ்வொரு பையாய்க் குழைக்கிறதுதான் வழி. மேசன்மார் அந்நேரம் வருவினமோ எண்டது தனிக்கதை.

நியாயமும் சொல்லவேணும். காயேக்க சுருங்கிறது குறைவு. ஒழுங்காய் அறுத்து ஊத்தின இடத்தில இண்டைக்கும் ஒரு வெடிப்பில்லை, பக்கத்துப் பழைய கொங்கிறீற்தான் உதிருது. காலமை ஊத்தி ஈரமாய் வைச்சுப்போட்டு, பின்னேரம் லொறியை ஏத்தினனான். அசையேல்லை. அண்டைக்கு இதைக் கண்டுபிடிச்சவனைக் கும்பிடலாம்போல இருந்தது.

அத்தார், நீங்கள் வாங்காதேங்கோ. உங்கட கேற்றடியால ஒரு காரும் மோட்டச்சைக்கிளும்தான் போகுது. ஒரு கிழமை அடைச்சுவிட்டு, சாதாரண சீமெந்துக்குச் சாக்குப் போட்டுத் தண்ணி விடுங்கோ. இறங்கின விலையும் அதைவிடக் கூடத்தான், உங்களுக்கு இந்த அந்தரம் தேவையில்லை. நான் இன்னும் ரெண்டு பை சொல்லிவிட்டிருக்கிறன். ஐப்பசி மழைக்கு முதல், வாசலில மற்றப் பக்கத்தையும் அறுக்கவேணும்.