வேலூர் மெடிக்கல்களில் ஓஆர்எஸ்: பொடி சரி, கலக்கும் கைதான் தவறுகிறது

வேலூரில் எந்த மெடிக்கலில் பேதிக்குப் பொடி கேட்டாலும் முதலில் எடுத்து வைப்பது எலெக்ட்ரால் என்ற ஓஆர்எஸ் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரை) பொடி. 21.8 கிராம் பாக்கெட், 1 லிட்டர் தண்ணீருக்கு. உலக சுகாதார நிறுவனக் கலவைதான்: உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் பாக்கெட்டும் இதே வேலையைச் செய்யும். காசு கொடுத்தால்தான் கேட்கும் என்றில்லை.

குடல் உப்பையும் குளுக்கோஸையும் ஜோடியாக உறிஞ்சும்போது தண்ணீரும் கூடவே உள்ளே போகும். சர்க்கரை மிஞ்சினால் தண்ணீர் குடலுக்கே திரும்பி, பேதி கூடும். டெட்ரா பாக்கெட் இனிப்புப் பானங்களை ஓஆர்எஸ்ஸுக்குப் பதிலாகக் கொடுக்கவே கூடாது என்பது அதனால்தான். அவற்றின் பெயரில் ஓஆர்எஸ் என்று போட 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தடை விதித்தது நல்ல காரியம்.

பொடியில் குறையில்லை. பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிவிடுவதுதான் ஆபத்து. உப்பு ஏறி குழந்தைக்கு வலிப்பே வரலாம். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் விற்பதால் குழப்பம் சகஜம், அளவைப் படித்து வாங்குங்கள். சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கத்து லாட்ஜ் அறையில் அளவுப் பாத்திரம் ஏது? 1 லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். அதிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரைத் தனியே ஊற்றி வைத்துவிட்டு, பொடி முழுவதையும் போட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் திரும்ப ஊற்றுங்கள். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. கலந்தபின் கொதிக்கவைக்காதீர்கள், 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு முறை பேதியானதும் 2 வயதுக்குள் 50–100 மில்லி, 10 வயதுவரை 100–200. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக. இது பேதியை நிறுத்தாது, உடம்பில் தண்ணீர் வற்றாமல் காக்கும். "குடுத்தும் நிக்கல" என்று பாதியில் விடுவது பெரிய தப்பு. 6 மாதம் தாண்டிய குழந்தைக்குத் துத்தநாக மாத்திரை தினம் 20 மில்லிகிராம், பேதி நின்றாலும் 14 நாள். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்த வேண்டாம்.

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வைரஸ் பேதிதான், ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். ரோட்டா வைரஸ் பேதியைத் தடுக்கும் சொட்டு மருந்தை மறக்காதீர்கள். அந்த மருந்துகளில் ஒன்றான ரோட்டாவேக்கின் சோதனை நடந்த ஊர்களில் நம் வேலூரும் ஒன்று.

மலத்தில் ரத்தம், குழிவிழுந்த கண், 6 மணி நேரமாக மூத்திரம் இல்லை, குடிக்க முடியாமல் துவண்டு கிடப்பது: இதில் எது தெரிந்தாலும் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு, வழியெல்லாம் ஊட்டியபடியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.