கார்ட்டிசாலா, ஈஸ்ட்ரோஜனா: சர்க்கரையை ஏற்றுவது எது?

இரண்டுமே ஏற்றும். மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் கூடினால் சிக்கல், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் சிக்கல்.

கார்ட்டிசாலுக்கு எப்போதும் அவசரம். விடியற்காலையில் இயல்பாகவே அது உச்சத்துக்குப் போகும். கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடும். இரவு 9 மணிக்குப் பிறகு ஒன்றுமே சாப்பிடாதவருக்கும் காலையில் குளுக்கோமீட்டர் 130 காட்டுவது இப்படித்தான். தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். கார்ட்டிசால் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் எடுப்பவர்களுக்கோ பெரும்பாலும் வெறும் வயிற்று அளவு ஒழுங்காக இருக்கும்; மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எகிறும்.

ஈஸ்ட்ரோஜன் ஆர்ப்பாட்டம் செய்யாது. மாதவிடாய் நின்றபின் கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரும், இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாக மசியாத நிலை, மெல்ல ஏறும். ஒருநாள் அளவில் பிடிபடாது. சுமார் 3 மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். கார்ட்டிசாலைச் சமாளிக்கத் தூக்கம் என்றால், ஈஸ்ட்ரோஜன் குறைவைச் சமாளிக்கத் தசைப் பயிற்சிக்கே என் ஓட்டு.